தடத்துப் பொத்தையிலிருந்து இறங்கி வந்தவர்

ராசா ராணி கதை வேணும்னா பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போங்க. எங்க தடத்தூர்ல ராசாவும் கிடையாது ராணியும் கிடையாது. இருக்கது ஒரு பொத்தை, அதாவது மலைன்னு சொன்னா மலை கோவிச்சுக்கிடும், அம்புட்டுச் சின்ன மொட்டைப் பாறை, அந்தப் பொத்தை உச்சியில ஒரு காலடித் தடம், பொத்தைக்குக் கீழ பேச்சியம்மாளாகிய என்னோட இட்லிக்கடை. காலடின்னா உங்க காலு என் காலு மாதிரி நினைச்சுராதீங்க. ஒரு மாட்டுவண்டியை மாட்டோட உள்ள இறக்கி நிப்பாட்டினாலும் சுண்டுவிரல் பக்கம் வண்டிக்காரன் படுத்துத் தூங்க இடம் இருக்கும். வலது காலு. கருங்கல்லுல, சேத்துல மிதிச்ச மாதிரி அஞ்சு விரலும் குதிங்காலும் அச்சா விழுந்து கிடக்கு. அது யாரு காலுன்னு கேட்டீங்கன்னா, நீங்க எந்தக் கிழமையில கேக்கீங்களோ அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

செவ்வாய்க்கிழமை கேட்டா அது சாமி காலு. சாமி பூலோகத்தைச் சுத்திப் பாக்க வந்தாராம், வெயிலு மண்டையைப் பொளந்துச்சாம், எங்க ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல நின்னு குடிக்கத் தண்ணி கேட்டாராம், வீட்டுக்காரன் கதவைச் சாத்திட்டானாம், சாமி மனசு வெறுத்து பொத்தை மேல ஒரு காலை ஊனி ஒரே எட்டுல மேலோகம் போயிட்டாராம். வெள்ளிக்கிழமை கேட்டா அது அவுலியா காலு. கடல் தாண்டி வந்தவரு, அவரும் தண்ணி கேட்டாரு, அவருக்கும் கதவைச் சாத்துனாங்க, அவரும் ஒரு காலை ஊனி ஒரே எட்டுல மக்கத்துக்குப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை கேட்டா அது இயேசுநாதரோட சீடர் ஒருத்தர் காலு, வேதத்துல பேரு விட்டுப்போன ஆளு. அவருக்கும் அதே வெயிலு, அதே தாகம், அதே கதவு, அவரும் ஒரே எட்டுல போயே போயிட்டாரு. ஆளு வேற, போன இடம் வேற. ஆனா அந்தக் கதவைச் சாத்துனவன் யாருன்னு கேளுங்க: செவ்வாய்க்கிழமைக் கதையில அடுத்த தெருக்காரன், வெள்ளிக்கிழமைக் கதையிலயும் அடுத்த தெருக்காரன், ஞாயித்துக்கிழமைக் கதையிலயும் அடுத்த தெருக்காரன்தான். கதை சொல்லுதவன் தெருவுல மட்டும் அன்னைக்கு எல்லாரும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தாவ போல.

இதுல சண்டை வராம இருக்க எங்க ஊர்ல ஒரு கதைமுறை உண்டு. அவியவிய கிழமையில அவியவிய மேல ஏறி, தடத்துக்குள்ள குனிஞ்சு, கதையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சத்தமாச் சொல்லணும். காலுக்கு ஞாபகப்படுத்துத மாதிரின்னு வச்சுக்கோங்களேன். அடுத்தவன் கிழமையில நீங்க போய்க் கேக்கலாம், கொட்டாவி விடலாம். ஆனா சொல்லுதவன் முடிக்கதுக்குள்ள குறுக்க விழுந்தோ, வாயைப் பொத்தியோ கதையை நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டுனா நிப்பாட்டுனவன் நாக்கு அழுகிப்போகும்னு மூணு கூட்டமும் ஒத்துக்கிட்ட ஒரே சங்கதி இதுதான். கதை முடிஞ்சதும் எல்லாரும் இறங்கி வந்து என் கடையில இட்லி திம்பாவ. என் சட்னியில மட்டும் கிழமை கிடையாது.

கடைக்குப் பின்னால எங்க வீடு. ரெண்டு அறை, ஒரு அடுப்பாங்கரை, மேல ஓடு. அந்த வீட்டை எங்க வீட்டுக்காரர் முத்தரசு முதுகுலதான் கட்டினோம்னு சொல்லணும். ரயில்வே கூட்செட்டுல உப்பு மூட்டையும் சிமிட்டி மூட்டையும் தூக்கித் தூக்கிச் சேத்தது. கடைசி வரிசை ஓடு போட்ட மாசம் லாரியில இருந்து ஒரு அடுக்கு சரிஞ்சு மனுசன் இடுப்புல விழுந்துச்சு. அதுல இருந்து கயித்துக் கட்டில்தான். காலையில உட்காருவாரு, இருட்டுனா சாய்வாரு. உட்காருததுக்குன்னு ஒரு கோவில் கட்டினா மூலவர் எங்க வீட்டுக்காரர்தான்னு நான் ஏசாத நாளில்ல. ஏசிக்கிட்டே வெந்நீர் ஒத்தடமும் குடுப்பேன். என்ன செய்ய, கழுதை, பிரியம்னு ஒண்ணு இருக்கே.

ஆடி மாசத்துல ஒரு புதன்கிழமை காலையில நான் அடுப்புப் பத்த வைக்கும்போது பால்காரன் சைக்கிளை நிப்பாட்டி, "யக்கா, அடுத்த காலை எடுத்து வச்சுட்டாருல்லா, ஒரு டீ போடுங்க"ன்னான். நான் வெளிய வந்து பாத்தேன். உச்சித் தடத்துக்குச் சத்தே கீழ, அதே அளவுல, இடது காலு. விரலு ஊரைப் பாத்து இருந்துச்சு. போனவரு திரும்பி வாராருன்னு அர்த்தம். சரின்னு டீயைப் போட்டேன். சீனி கொஞ்சம் தூக்கலா விழுந்துட்டு, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக் கதை முடிஞ்சு விடிஞ்சா இன்னொரு தடம், வலது. ஞாயிறு முடிஞ்சு விடிஞ்சா மறுபடி இடது. ஒரு கதை சொன்னா ஒரு எட்டு. ராத்திரி ஒரு சத்தம் கிடையாது, நாய் குரைக்கது கிடையாது. விடிஞ்சு பாத்தா மிதிச்சிருப்பாரு. காலு அம்மாம் பெரிசா இருந்தும் எட்டு என்னமோ கால்மாட்டுலயே, முந்தின தடத்தை ஒட்டியே விழுந்துச்சு. மேலோகத்துக்கு ஒரே எட்டுல போனவரு, பொத்தையில இருந்து இறங்க ஆடி போய் ஆவணி வந்துட்டு.

ஊரு இதுக்குப் பழகுன வேகத்தைச் சொல்லணுமே. மினிபஸ்காரன் 'மூணாங்கால் ஸ்டாப், அஞ்சாங்கால் ஸ்டாப்'னு டிக்கெட் கிழிச்சான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தடத்துக்குள்ள கபடி ஆடுச்சு, குதிங்கால் ஒரு கட்சி, பெருவிரல் ஒரு கட்சி. தாலுகா ஆபீசுல இருந்து ஒருத்தர் வந்து, புறம்போக்குல மிதிக்க அவரு அனுமதி வாங்கியிருக்காரான்னு கேட்டுட்டு, நாலு வடை தின்னுட்டுப் போனாரு. கோவில் தர்மகர்த்தா உலகநாதன் அண்ணாச்சியோட வாழைத்தோப்புல ஒரு தடம் விழுந்து, குலை தள்ளுன வாழை அம்புட்டும் அப்பளமாப் போச்சு. அண்ணாச்சி நாலு பேரு முன்னால, "என் வாழைக்கு மோட்சம்"னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஓன்னு அழுதாருன்னு அவரு சம்சாரமே என் கடையில வந்து சொல்லுச்சு. ஆனா ஒரு கூட்டமும் கதையை நிப்பாட்டலை. நம்ம கதைக்குத்தான் வாராருன்னு ஒவ்வொருத்தனுக்கும் நினைப்பு. மைக்கு வச்சான் ஒருத்தன், அதைவிடப் பெரிய ஸ்பீக்கர் வச்சான் அடுத்தவன்.

அப்பதான் அருள்விழி வந்துச்சு. மதுரைப் பக்கம் காலேசுல வாத்தியாரம்மா, ஊரூராப் போய்ப் பழங்கதை சேக்குத பிள்ளை, கழுத்துல அளக்குத டேப்பு, கையில ரெக்கார்டர். என் கடையிலதான் மூணு வேளையும் சாப்பாடு. நல்ல பிள்ளை, ஆனா வாயைத் திறந்தா மூடாது. "அக்கா, இலங்கையில ஒரு மலை உச்சியில இதே மாதிரி ஒரு தடம் இருக்கு, அதுக்கும் ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு கதை. இன்னும் எத்தனையோ நாட்டுல இருக்கு. எங்கெல்லாம் பாறையில பள்ளம் இருக்கோ அங்கெல்லாம் யாரோ ஒருத்தர் வந்துட்டுப் போயிருக்காரு"ங்கும். ஒருநாள் தடம் தடமா டேப்பு வச்சு அளந்துட்டு வந்த பிள்ளை இட்லியைப் பிய்க்காம உட்கார்ந்திருந்துச்சு.

"என்னம்மா, சட்னி உறைப்பா?"

"இல்லக்கா. எல்லாத் தடமும் ஒரே நேர்கோட்டுல வருது. அந்தக் கோட்டை நீட்டிப் பாத்தேன்." அது தலையைத் தூக்கி என் அடுப்பாங்கரைக் கூரையைப் பாத்துச்சு. "இப்படியே வந்தா உங்க வீட்டு மேலதான்க்கா மிதிப்பாரு. கதை சொல்லுதது நிக்கலைன்னா ஐப்பசியில வந்துருவாரு."

அந்த வாழைத்தோப்பு கிடந்த கிடையை நான் கண்ணால பாத்தவ.

நேரா உலகநாதன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சங்கதியைச் சொல்லி, ஐப்பசி வரைக்கும் கதையைக் கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கன்னு கேட்டேன். அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்கிட்டு. எனக்காகன்னு நினைச்சேன்.

"பேச்சி, நீ போன சென்மத்துல என்ன புண்ணியம் பண்ணியோ! யாரு வீட்டுக் கூரையில சாமி பாதம் படும், சொல்லு?"

"அப்ப உங்க வீட்டுக் கூரையிலயே படட்டும் அண்ணாச்சி. புண்ணியத்தை நான் விட்டுக்குடுத்துட்டேன்."

அண்ணாச்சி தன் மச்சு வீட்டை ஒருதரம் அண்ணாந்து பாத்துட்டு, "எங்க வாசல் தெற்கு பாத்துல்லா இருக்கு, அது தோதுப்படாது"ன்னு சொல்லி எனக்கு ஒரு வாழைப்பழம் குடுத்து அனுப்பிட்டாரு.

தர்கா லெப்பை காதர் மைதீனு நல்ல மனுசன், என் கையால காப்பி குடிக்காம பொத்தை ஏற மாட்டாரு. அவரு தலையைச் சொறிஞ்சாரு. "பேச்சியக்கா, நாங்க ஒரு வெள்ளிக்கிழமை விட்டோம்னு வச்சுக்கோங்க, மத்த ரெண்டு பேரும் சொல்லுவாங்க. அப்ப வாரவரு அவங்க ஆளுன்னு ஆயிருமே. அவங்க நிப்பாட்டட்டும், நாளைக்கே நாங்க நிப்பாட்டிருதோம்."

உபதேசியார் ஞானதிரவியமும் அதையேதான் சொன்னாரு, கொஞ்சம் ராகம் போட்டு. "தாயே, இந்தப் பூமியில வீடு அழிஞ்சாலும் பரலோகத்துல நமக்கு ஒரு வாசஸ்தலம் உண்டு."

"அங்க இட்லி விக்குமாய்யா?"

கடைசியில மூணு பேரும் சேந்து எனக்கு ஒரு உபகாரம் பண்ணுனாங்க. வீடு மிதிபட்ட பொறவு அந்த இடத்துல கோவிலோ தர்காவோ சர்ச்சோ யாரு எதைக் கட்டினாலும், வாசல்ல செருப்புப் பாக்குத வேலை எனக்குத்தான்னு பேசி முடிச்சிருந்தாங்க. அடேயப்பா, என்ன தாராளம்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, "இந்தாங்க, எங்க சின்னம்மை வீட்டுக்குப் போயிருவோம், கட்டில்லயே வச்சு உங்களைத் தூக்கிட்டுப் போக நாலு ஆளு பிடிச்சுட்டேன்"னேன்.

"நான் வரலை ஏளா."

"மிதிபட்டுச் சாவணுமா?"

"இந்த வீட்டுல எத்தனை ஓடு இருக்குன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஓடும் எந்த மூட்டைன்னும் தெரியும்." கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "அவரு வந்து மிதிக்கட்டும். நான் எந்திரிக்க மாட்டேன்."

ஏசுனேன், கையைப் பிடிச்சு இழுத்தேன், உப்பில்லாம கஞ்சி ஊத்துனேன். மனுசன் அசையலை. அன்னைக்கு நான் அரிசி உலையில போட்டுட்டு அடுப்பு முன்னால உட்கார்ந்து அழுதேன். வெளிய சொல்ல என்ன வெட்கம்? அந்த ஓட்டு வீட்டையும் அந்த மனுசனையும் விட்டா எனக்கு வேற என்ன இருக்கு.

புரட்டாசி கழிஞ்சுச்சு. ஐப்பசி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமைக் கதை முடிஞ்சு, சனிக்கிழமை விடியக்காலம் எங்க வீட்டுப் பின்சுவத்துக்கு அந்தப் பக்கம், சாக்கடையை ஒட்டித் தடம் விழுந்து கிடந்துச்சு. வலது பெருவிரலு என் துவைகல்லை நசுக்கியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமைக் கதை சொல்லி முடிச்சா அடுத்த எட்டு அடுப்பாங்கரை. ஊரே வந்து வீட்டைச் சுத்திக் கயிறு கட்டிப் பூப்போட ஆரம்பிச்சுட்டு. நான் உள்ள இருக்கேன், எனக்கு வெளிய இருந்து பூப்போடுதானுவ.

அருள்விழி மட்டும் உள்ள வந்து கட்டில் பக்கத்துல உட்கார்ந்துச்சு. அதுக்கு என்ன பேசன்னு தெரியலை. தெரியாட்டாலும் பேசுத பிள்ளைதானே, எந்தெந்த நாட்டுல எப்பிடியெப்பிடித் தடம்னு ஆரம்பிச்சுட்டு. குதிரைக் குளம்புத் தடம், யானைத் தடம், முழங்கால் ஊனித் தொழுத தடம், கை ஊனுன தடம். எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தவரு, நடுவுல ஒரு கேள்வி கேட்டாரு.

"ஏம்மா, இம்புட்டுப் பேரு உலகம் பூரா நடந்திருக்காவளே, ஒருத்தனாவது உட்கார்ந்த தடம் உண்டா?"

பிள்ளை யோசிச்சுச்சு. விரலை மடக்கி மடக்கிப் பாத்துச்சு. "நான் கேள்விப்பட்டதில்ல மாமா. எல்லாரும் வாராங்க, போறாங்க."

"பெறவு? இந்த ஆளு எட்டு வைக்கதைப் பாத்தியா? கால்மாட்டுல கால்மாட்டுல விழுது. மூட்டை தூக்குனவனுக்குத் தெரியும், இது கோவத்துல வாரவன் நடை இல்ல, களைச்சவன் நடை. தண்ணியும் குடிக்காம எம்புட்டுக் காலமா நடக்கானோ. நம்ம ஆளுக வாரத்துக்கு மூணுதரம் அவன் காதுல, 'நீ போயிட்ட, போயிட்ட, போயிட்ட'ன்னே சொல்லுதானுவ. பாவம், உட்காருய்யான்னு சொல்ல இந்த ஊர்ல ஒரு நாதி இல்ல."

சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சேன்.

ஞாயித்துக்கிழமை பொத்தை மேல அம்புட்டுக் கூட்டம். உபதேசியார் வெள்ளை அங்கி போட்டு, உச்சித் தடத்துக்குள்ள குனிஞ்சு, ஸ்பீக்கர் கீ கீன்னு கத்த, சீடர் வந்தாரு, வெயிலு அடிச்சுச்சு, தண்ணி கேட்டாரு, அடுத்த தெருக்காரன் கதவைச் சாத்துனான்னு ஒரு வரி விடாமச் சொல்லிக்கிட்டு வந்தாரு. அவிய கதை ஆமென்ல முடியும். ஆமென் சொன்னாத்தான் முடிஞ்சதா அர்த்தம். "ஒரே எட்டுல போயே போயிட்டாரு"ன்னு சொல்லி அவரு மூச்சு வாங்கின நேரத்துல நான் தடத்துக்குள்ள குதிச்சு மைக்கைப் பிடுங்குனேன். பிடுங்கி, "போனவரு திரும்பி வந்தாரு!"ன்னேன்.

கூட்டம் ஆன்னு பாத்துச்சு. கதை முடியலையே, இன்னும் நடக்குல்லா? நான் நிப்பாட்டவும் இல்ல, அது பாட்டுக்கு நீட்டுதேன். இப்ப என் வாயைப் பொத்துனா பொத்துதவன் நாக்குத்தான் அழுகும். உபதேசியார் தன் வாயையே கையால பொத்திக்கிட்டாரு. உலகநாதன் அண்ணாச்சி எந்திரிக்கப் போய், நாக்கை உள்ள இழுத்துக்கிட்டு உட்கார்ந்துட்டாரு.

"போனவரு திரும்பி வந்தாரு. போன இடத்துல என்ன ஆச்சோ, அங்கயும் கதவைச் சாத்துனாங்களோ, சோறு சரியில்லையோ, நமக்கு என்ன தெரியும், திரும்பி வந்தாரு. ஆடியில வந்தாரு, ஆவணியில வந்தாரு, புரட்டாசி பூரா வந்தாரு, வாழையில மிதிச்சு வந்தாரு, வரப்புல மிதிச்சு வந்தாரு, பேச்சியம்மா வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாரு. வந்தவரைப் பாத்து பேச்சியம்மா கும்பிடலை, பூப்போடலை, பேரு கேக்கலை, ஊரு கேக்கலை, எந்தக் கிழமைன்னும் கேக்கலை. என்னய்யா இது நடைன்னு கேட்டா. ஒரு எல்லை வேண்டாமா மனுசனுக்குன்னு கேட்டா. வீட்டு மேல மிதிக்கியே, உள்ள உன்னை மாதிரியே ஒருத்தன் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கான், கண்ணு தெரியலையான்னு கேட்டா. கேட்டுட்டு, சரி, வந்தது வந்துட்ட, கடைக்குக் கிழக்க லாரி திரும்புத பொட்டல் சும்மாத்தான் கிடக்கு, அங்க என் கல்யாணத்து அண்டா நிறையத் தண்ணி வச்சிருக்கேன், வாங்க, குடிங்க, காலை நீட்டி உட்காருங்கன்னு சொன்னா." நான் தடத்துக்குள்ள இன்னும் குனிஞ்சேன். "உட்காருங்கய்யா. இம்புட்டு நாளும் உங்களை யாரும் உட்காரச் சொல்லலை. எங்க ஊரு சொல்லலை. தப்புத்தான். உட்காருங்க. அம்புட்டுத்தான் கதை, ஆமென்."

இறங்கி வந்து நிசமாவே அண்டாவைப் பொட்டலுக்கு உருட்டிட்டுப் போய், கிணத்துல இருந்து இறைச்சு இறைச்சு நிறைச்சேன். அருள்விழியும் கூட இறைச்சுச்சு. பெறவு வீட்டுக்குள்ள வந்து கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில படுத்தேன். எங்க வீட்டுக்காரர் கட்டில்ல இருந்து கையைத் தொங்கப் போட்டு என் தலை மேல வச்சிருந்தாரு.

விடிஞ்சுச்சு. ஓடு இருந்துச்சு. மேல பாத்தேன், எல்லா ஓடும் இருந்துச்சு. பால்காரன் வாசல்ல நின்னு, "யக்கா"ன்னான், பொட்டல் பக்கமாக் கையைக் காட்டுனான்.

பொட்டல்ல போய்ப் பாத்தேன். ஆத்தாடி! நான் பொய் சொல்லுவேனா, குண்டித் தடம். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய பள்ளம், நடுவுல ஒரு வரப்பு, முன்னால ரெண்டு குதிங்கால் குழி. காலை நல்லா நீட்டி, சாவகாசமா, ஊரைப் பாத்து உட்கார்ந்திருக்காரு. பக்கத்துல என் அண்டா, குடிச்சு, கழுவி, கவுத்தி வச்சிருந்துச்சு. மூணு கதையிலயும் இந்த மனுசனுக்கு இப்படி ஒரு குணம் உண்டுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல.

ஊரு கூடிட்டு. அன்னைக்கு எங்க ஊர்ல நடந்த மாதிரி ஒரு விட்டுக்குடுத்தல் எந்த ஊர்லயும் நடந்திருக்காது. உலகநாதன் அண்ணாச்சி ரொம்ப நேரம் பாத்துட்டு, லெப்பை பக்கம் திரும்பி, "பாய், இது உங்க ஆளுதான். நாங்க உரிமை கோரலை"ன்னாரு. லெப்பை பதறிப்போய், "சேச்சே, எங்க ஆளு இப்பிடி உட்கார மாட்டாரு, இது உபதேசியார் ஐயா சொன்ன கதையில வந்தது, அவங்களுக்குத்தான் சேரும்"னாரு. உபதேசியார், "நான் சொன்ன கதை போயிட்டாருங்கிற இடத்தோட சரி, அதுக்கு மேல உள்ளது பேச்சியம்மா பொறுப்பு"ன்னு கையை விரிச்சுட்டாரு. பூ கொண்டு வந்தவனுக்கு எங்க போடன்னு தெரியலை. கற்பூரம் கொண்டு வந்தவன் எந்தப் பள்ளத்துக்கு முதல்ல காட்டணும்னு கேட்டு அடி வாங்கினான். அருள்விழி அளந்து பாத்து, பிட்டத் தடம்னு நோட்டுல எழுதிட்டு, சிரிப்பை அடக்க முடியாம என் தோள்ல சாஞ்சு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு, கடைசியில அழுதுட்டு.

அந்த வாரமே மழை பிடிச்சுக்கிட்டு. ரெண்டு பள்ளமும் நிறைஞ்சு ரெண்டு குளமாச்சு. ஒண்ணுல மாடு குளிக்கும், ஒண்ணுல மனுசன் குளிப்பான். எதுல எதுன்னு மாசத்துக்கு ஒருதரம் சண்டை வரும், நல்ல சண்டை, சாமி சம்பந்தப்படாத சண்டை. ஒரு தெருக்காரனும் அதுக்குக் கோவில் கட்டலை, கொடி கட்டலை, வேலி கட்டலை. சாயந்தரமானா மூணு தெருவும் வந்து கரையில காலைத் தொங்கப் போட்டு உட்காருது. அவரு எந்திரிச்சுப் போன தடம் இதுவரைக்கும் இல்ல.

கதைமுறை மட்டும் நிக்கலை. இப்ப மூணு கதைக்கும் வாலு முளைச்சிருக்கு, போனவரு திரும்பி வந்தாரு, ஒரு பொம்பளை தண்ணி குடுத்தான்னு. செவ்வாய்க்கிழமைக் கதையில அவ நெத்தி நிறைய விபூதி பூசுன சிவபக்தை. வெள்ளிக்கிழமைக் கதையில அவ லெப்பை வீட்டு முன்னோர்ல ஒரு பீவி. ஞாயித்துக்கிழமைக் கதையில அவ ஒரு ஏழை விதவை. எங்க வீட்டுக்காரர் கட்டில்ல குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே என்னை விதவையாக்கிட்டானுவ, நாசமாப் போறவனுவ. ஒரு கதையிலயும் பேச்சியம்மா கிடையாது, இட்லிக்கடை கிடையாது. சொல்லிட்டு இறங்கி வந்து என் கடையிலயே உட்கார்ந்து, "பேச்சி, இன்னும் ரெண்டு இட்லி வையி"ங்கான்.

போகட்டும். கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொன்ன மனுசன், மழை வெறிச்ச ஒருநாள், சுவத்தைப் பிடிச்சு, என் தோளைப் பிடிச்சு, கால்மாட்டுல கால்மாட்டுல எட்டு வச்சு அந்தக் கரை வரைக்கும் வந்தாரு. "ஆளு எப்பிடி உட்கார்ந்திருக்காருன்னு ஒருதரம் பாக்கணும் ஏளா"ன்னாரு. பாத்தாரு. பாத்துட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாரு. அதுல இருந்து தினமும் அதே இடந்தான், பேசுதது கிடையாது, சும்மா ரெண்டு பேரும் இருக்கது. ஈரமண்ணுல, அந்தப் பெரிய தடத்தை ஒட்டி, இப்ப சின்னதா இன்னொரு தடம் விழுந்திருக்கு. வெளியூர்க்காரங்க வந்தா அது யாரோட தடம், அதுக்கு என்ன கதைன்னு கேக்காங்க. கதையும் இல்ல, ஒண்ணும் இல்ல, அது எங்க வீட்டுக்காரர்னு சொல்லிட்டு, ஒரு சொம்புல தண்ணி கொண்டுபோய் அவரு கையில குடுத்துட்டு வருவேன்.